பத்தில் ஆறு

மாலை நாலு பத்துக்கு
ஆபீஸ் கைப்பேசி அதிரும்.
மலாயில் வரும் செய்தி:
ரிபுட் பெத்திர், நாளை பிற்பகல்,
அறுபது விழுக்காடு.
அதைத் தமிழாக்கித்
தோட்டத்து வாட்சாப்பில் போடுவது என் வேலை.
சம்பளச் சீட்டில் இதற்கென்று
ஒரு வரி கிடையாது.

முதலில் ஒருமுறை
'இடிமழை வரும்' என்று எழுதிவிட்டேன்.
உரம் போடும் நாற்பது பேரை
மண்டோர் இருளப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.
அன்றைய வெயில்
தகரக் கூரையில் அப்பளம் பொரித்தது.
கூலி போன ரஃபிக்குல்
குறையொன்றும் சொல்லவில்லை.
என் மேசைக்கு முன்னால் நின்று
ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
அவ்வளவுதான்.

அடுத்த முறை 'வரலாம்' என்று எழுதினேன்.
நம் தமிழுக்குக் குசும்பு அதிகம்.
வரலாம் என்றால்
வந்தாலும் வரும் என்று பொருள்,
தாராளமாக உள்ளே வா என்றும் பொருள்.
மழைக்கு நான் பெர்மிட் கொடுத்ததாகக்
குழு முழுக்கக் கேலி.
யாரும் எதையும் மாற்றவில்லை.
உரம் போட்டார்கள்.
பெய்தது.
யூரியா வாய்க்காலில் இறங்கி
சுங்கை மெராந்தியோடு போனது.
மானேஜர் என் பெயரை எடுக்கவில்லை,
மூட்டைக் கணக்கை மட்டும்
இரண்டு முறை கேட்டார்.

ஆகவே இன்று இப்படி எழுதினேன்:
நாளையைப் போலப் பத்து நாள் வந்தால்
ஆறு நாள் பெய்யும், நாலு நாள் பெய்யாது.
நாளைக்கு எந்த நாள் என்று
வானிலை நிலையத்துக்கும் தெரியாது.

அனுப்பிய கையோடு அழைத்தார்
பாக்கியவதி அக்கா.
மகளுக்கு நாளை பரிசம்.
'ஆறா நாலா, ஒன்னச் சொல்லு தங்கச்சி.'
கூடாரத்துக்கு எவ்வளவு கேட்கிறான் அக்கா?
'நூத்தம்பது வெள்ளி.'
நனைந்தால் என்ன போகும்?
'முந்நூறு பேர் சோறு.'
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னணியில் யாரோ தேங்காய் துருவினார்கள்.
'சரி, வச்சிடு' என்றார்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்
ஓட்டப் பந்தயங்களைக் காலைக்கு இழுத்துவிட்டு
கயிறிழுப்பை மதியத்திலேயே விட்டார்.
நனைந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாம்.

இருளப்பனின் குரல் பதிவு வந்தது:
மேட்டு நிரைகளுக்குப் பத்து மணி வரைக்கும் உரம்,
பள்ளத்துக்கு வேண்டாம்,
மிச்ச நேரம் உதிரிப் பழம் பொறுக்கட்டும்,
யாருக்கும் அரை நாள் போடாதே.
கடைசி வாக்கியத்தை
இருமுறை போட்டுக் கேட்டேன்.

ஜெகதீசன் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.
வாரம் மூன்று நாள்
டவுனுக்கு ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்.
நடுவில் அந்தத் தாழ்பாலம்.
அவருக்குப் பத்தில் ஒன்றும்
பத்துதான்.
விளக்கு வைக்கும் நேரத்துக்கு
மோட்டார் சைக்கிளில் தலையணையைக் கட்டிக்கொண்டு
மைத்துனி வீட்டுக்குப் போனதைப்
பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு இருட்டியது.
செம்பனை மட்டைகள் வெள்ளை முதுகைக் காட்டின.
இடித்தது, பெரிய ஆர்ப்பாட்டம்.
கூடாரத்துக்கு அடியில்
முந்நூறு பேர் காயாமல் நனையாமல் சாப்பிட்டார்கள்.
பெய்ததெல்லாம் மேலே, மலையில்.
ஊருக்கு வந்தது தண்ணீர் மட்டும்:
பாலத்தின் மேல் முழங்கால் அளவு.

அதற்கடுத்த காலை எட்டு மணி.
ஆபீசுக்குப் பின்னால் மழைமானி.
குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.
அடியில் ஒரு துளி,
முதல் கோட்டை எட்டவில்லை.
பூச்சியம் என்று எழுதக் கை வரவில்லை.
'அளவுக்கு எட்டாத மழை' என்று எழுதி அனுப்பினேன்.
எங்கோ ஒரு கணக்கில் அது சேரும்.
அந்தக் கணக்கிலிருந்துதான்
எனக்கு அறுபது வருகிறது.

பாக்கியவதி அக்கா
நூத்தம்பது வெள்ளியைப் பற்றி
இன்னும் என்னிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

நாலு பத்து.
முப்பது விழுக்காடு.
'வர' என்று தட்டினேன்.
கைப்பேசி மூன்று சொற்களை நீட்டியது:
வரும், வரலாம், வராது.
மூன்றையும் ஒதுக்கிவிட்டு,
'பத்து நாள்' என்று தொடங்கினேன்.